முப்பதுக்குப் பிறகு கல்லூரி: மலையில் இருந்தபடியே வெப் டிசைன் வேலைக்குத் தயாராகும் வழி

குன்னூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். 33 வயதில் தொலைநிலையில் பி.சி.ஏ. என்ற கணினிப் பட்டப்படிப்பில் சேர்ந்து முடித்தேன். இப்போது நீலகிரியில் ஹோம்ஸ்டே, வர்க்கி பேக்கரி, டாக்ஸிக்காரர்கள் என்று சின்னச் சின்னத் தொழில்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். "அக்கா, நானும் படிக்கலாமா?" என்று வந்தவர்கள் நிறையப் பேர். இடையில் நின்றவர்களைப் பார்த்தால், பாடம் புரியாமல் நின்றவர்கள் குறைவு. வரிசை மாறி நின்றவர்கள்தான் அதிகம். முதலில் லேப்டாப் வாங்குகிறார்கள், அடுத்து ஃபீஸ் கட்டுகிறார்கள், அதற்கும் பிறகுதான் பிளஸ் டூ மார்க் ஷீட் எங்கே என்று தேடுகிறார்கள். அதனால் இங்கே வரிசையைத்தான் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

1. பணம் கட்டும் முன் எட்டு வாரம் செய்து பாருங்கள்

வெப் டிசைன் என்றதும் வண்ணமும் படமும்தான் கண்முன் வரும். அன்றாட வேலை வேறு மாதிரி. ஒரு பட்டன் போனில் மட்டும் ஏன் ஓரமாகத் தள்ளி நிற்கிறது என்று ஒரு மணி நேரம் தேட வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முப்பது படங்களைச் சுருக்க வேண்டியிருக்கும். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் மூன்று வருடப் படிப்பில் இறங்காதீர்கள்.

தினம் ஒரு மணி நேரம், எட்டு வாரம் போதும். ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன், அதாவது எந்தத் திரைக்கும் பொருந்தும்படி பக்கம் செய்யும் பாடம் இலவசம். பிரவுசருக்குள்ளேயே தட்டச்சு செய்து பழகலாம் என்பதால் வீட்டில் இருக்கும் பழைய கணினியே போதும். எட்டாவது வாரத்தில் உங்கள் ஊர் பஸ் நேரங்களை ஒரே பக்கமாகச் செய்து, போனில் திறந்து பாருங்கள். அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சரி செய்யலாமே என்று கை போனால் அடுத்த படிக்கு வரலாம். போகவில்லை என்றால் எட்டு வாரத்தோடு போயிற்று, ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை.

இங்கே பலர் செய்யும் தவறு, வீடியோவை மட்டும் பார்த்துக்கொண்டே போவது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு அதே பக்கத்தை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

2. சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் பரப்புங்கள்

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இது முடிய வேண்டும். காணாமல் போன ஒரு காகிதத்தைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் ஆகலாம், அட்மிஷன் தேதி அதற்காகக் காத்திருக்காது.

தேவைப்படுபவை: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். மார்க் ஷீட் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, நீங்கள் படித்த பள்ளி மூலமாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் தலைமையாசிரியர் கையெழுத்துக்கு அலையாதபடி, மே மாதத்துக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

நம் மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் பீரோவுக்குள் ஈரம் ஏறி, பழைய சான்றிதழ்களில் பூஞ்சை பிடித்துவிடும். பிடித்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். நிழலில் காற்றாட உலர விட்டு, பிளாஸ்டிக் ஃபைலில் தனித்தனியாக வையுங்கள். பூஞ்சைக்குப் பயந்து லேமினேட் செய்துவிடவும் வேண்டாம். அசலின் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வந்தால் இடமில்லாமல் போகும்.

அடுத்தது பெயர். நான் பார்த்தவரை அதிகம் பேரை நிறுத்தியது இதுதான். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியிருந்தால் கணவர் பெயர் வந்திருக்கும். நமக்கு எல்லாம் ஒன்றுதான். ஆன்லைன் படிவத்துக்கு மூன்றும் மூன்று ஆட்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்வதுதான் சுலபம். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று ஆதார் மையத்தில் முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் வேலைக்கு லீவு போடுங்கள்.

பத்தாவதோடு நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ இல்லாமல் நேரே டிகிரி சேர்த்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். இன்று அரசு வேலை எண்ணம் இல்லாமல் இருக்கலாம். நாற்பது வயதில் அந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று வருந்துவதைவிட, தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டு வருவது மேல்.

3. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் மூன்று வழிகள் நடைமுறைக்கு ஒத்துவருகின்றன.

முதலாவது ரெகுலர் கல்லூரி. 1955-இல் தொடங்கிய உதகை அரசு கலைக் கல்லூரி, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அரசுக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவை ஒட்டி ஆன்லைனில் வரும். செலவு குறைவு, ஆசிரியரை நேரில் கேட்கலாம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியாது, வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். வயது வரம்பும் அதற்கான தளர்வும் அந்தந்த வருடச் சேர்க்கை நெறிமுறையில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் முதலில் அந்தப் பத்தியைப் படியுங்கள். முப்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு இந்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது ஐ.டி.ஐ. குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கணினி இயக்குபவர் மற்றும் புரோகிராமிங் உதவியாளர் என்ற ஒரு வருடப் பிரிவைக் கோபா என்பார்கள். எந்த ஐ.டி.ஐ.யில் அந்தப் பிரிவு இருக்கிறது என்று அந்த வருட அறிவிப்பில் பாருங்கள். தமிழக ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயதுவரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. கணினியையே தொட்டிராதவர்களுக்கு இது நல்ல தொடக்கம். கை பழகும், ஒரு சான்றிதழும் கிடைக்கும்.

மூன்றாவது தொலைநிலைக் கல்வி. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.சி.ஏ. இருக்கிறது. குறைந்தது மூன்று வருடம், இக்னோவில் அதிகபட்சம் ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். அந்த ஆறு வருடம்தான் வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு மூச்சு விட இடம் தருகிறது. நான் நான்கரை வருடத்தில் முடித்தேன். இடையில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போன ஒரு பருவத்தை முழுசாக விட்டேன், படிப்பு கெடவில்லை.

தொலைநிலையில் சேரும்போது இரண்டைப் பாருங்கள். நீங்கள் சேரும் வருடத்துக்கு, நீங்கள் சேரும் அதே படிப்புக்கு யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. இன்னொன்று, "ஒரே வருடத்தில் டிகிரி, முன்தேதி போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் பகுதியிலிருந்து ஒரு தம்பி, தேயிலைத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தை இப்படி ஒரு சென்டரில் கட்டிவிட்டு வந்தார். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேராகக் கட்டுங்கள், இடையில் ஆள் வேண்டாம்.

புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயை எண்ணித் தொலைநிலையில் சேர்பவர்களும் உண்டு. திறந்தநிலை, தொலைநிலைப் படிப்புக்கு அது கிடைக்காது. அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுங்கள்.

4. அடையாள எண்கள் முதலில், விண்ணப்பம் பிறகு

2024-லிருந்து தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர, மேலே சொன்ன யூ.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண்ணான டெப் ஐடி கட்டாயம். அதை எடுக்க ஏ.பி.சி. ஐடி (நீங்கள் படித்து வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும், இந்த ஏ.பி.சி. ஐடியை அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டியான டிஜிலாக்கரில் எடுக்கலாம், டிஜிலாக்கருக்கு ஆதாரோடு இணைந்த போன் எண் வேண்டும். ஆக, வரிசை இது: போன் எண், டிஜிலாக்கர், ஏ.பி.சி., டெப், கடைசியில் விண்ணப்பம். பழைய சிம்மைத் தொலைத்துவிட்டு எண் மாற்றியவர்கள் ஓ.டி.பி. வராமல் முதல் படியிலேயே நிற்பார்கள்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் தேடும்போதுதான் அது தெரியவரும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, சான்றிதழ் ஃபைலிலேயே வையுங்கள்.

5. வருடத்தை மலையின் கணக்கில் பிரியுங்கள்

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது. நமக்கு இதுதான் படிப்பைக் காப்பாற்றும் படி.

இக்னோவின் பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். சுற்றுலா சீசன் ஏப்ரலில் தொடங்கி, மே மலர்க் கண்காட்சியில் உச்சத்துக்குப் போய், ஜூனில் அடங்கும். லாட்ஜ், டாக்ஸி, கடை என்று எதில் இருந்தாலும் அந்த இரண்டு மாதம் புத்தகத்தைத் தொட முடியாது. எனவே ஜூன் தேர்வுக்கான அசைன்மென்ட்டையும் படிப்பையும் மார்ச் கடைசிக்குள் முடித்துவிட வேண்டும். மே மாதத்தில் தினம் அரை மணி நேரம் திருப்பிப் பார்த்தால் போதும் என்ற நிலையில் இருந்தால்தான் ஜூனில் எழுத முடியும். சீசன் வருமானத்தை விட முடியாதவர்கள் ஜூனில் இரண்டு பேப்பர், டிசம்பரில் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவை எழுதி நாலு அரியர் வைப்பதைவிட அது நல்லது.

டிசம்பருக்கு வேறு கவலை. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மரம் விழும். அப்போது வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவார்கள், நேரம் கூடும். தேர்வு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிட்டே உள்ளதைப் போடுங்கள். கீழேதான் என்றால் முந்தின நாளே இறங்கித் தங்கிவிடுங்கள். அந்த ஒரு இரவு வாடகையை ஃபீஸோடு சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதே சிக்கல் தென்மேற்குப் பருவமழையில், ஜூன் தேர்வோடு வரும்.

இக்னோவில் புதியவர்கள் தவறவிடும் மூன்று தேதிகள் இருக்கின்றன: அடுத்த பருவத்துக்கான மறுபதிவு, அசைன்மென்ட் சமர்ப்பிப்பு, தேர்வுப் படிவம். மூன்றும் தனித்தனி. ஃபீஸ் கட்டிவிட்டோம், ஹால் டிக்கெட் தானாக வரும் என்று நினைத்து, தேர்வுப் படிவமே போடாமல் ஒரு அரை வருடத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மூன்றையும் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள். வீட்டில் மற்றவர்கள் கண்ணில் படும் இடமாக இருப்பது முக்கியம், உங்களுக்கு எப்போது நேரம் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும்.

6. இப்போது லேப்டாப் வாங்கலாம்

8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும். அலுவலகங்களில் ஓடிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே இந்த வேலைக்குத் தாராளம். கோடு எழுதும் வி.எஸ். கோட் இலவசம், டிசைன் வரையும் ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடும். மிச்சப்படும் பணத்தில் ரூட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள், காற்று மழையில் கரண்ட் போனாலும் இணையம் இருக்கும். பாடப் புத்தகங்களை முன்பே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. கல்லூரி கற்றுத் தராததைப் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்

பி.சி.ஏ. படித்தால் வெப் டிசைனர் ஆகிவிடலாம் என்று நம்பிச் சேர்கிறார்கள். பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்: சி மொழி, டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், கணிதம். வெப் சம்பந்தப்பட்டது ஒன்றிரண்டு பேப்பர்தான். அந்தப் பாடங்கள் வீண் என்று சொல்லவில்லை. டேட்டாபேஸ் தெரிந்ததால்தான் பின்னால் முன்பதிவுப் படிவம் என்னால் செய்ய முடிந்தது. ஆனால் டிசைன் கை உங்களுக்கு வகுப்பில் வராது. வாரத்தில் நாலு நாள் கல்லூரிப் பாடம், இரண்டு நாள் டிசைன் என்று முதல் பருவத்திலிருந்தே பிரித்துவிடுங்கள்.

கற்கும் வரிசை: எச்.டி.எம்.எல். (பக்கத்தின் எலும்புக்கூடு), சி.எஸ்.எஸ். (அதன் தோற்றம்), போன் திரைக்கு ஏற்ப அமைத்தல், எழுத்தும் நிறமும், ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்க வைப்பது), கிட் (செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). அப்புறம்தான் கோடு எழுதாமலே தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ். முதலிலேயே வேர்ட்பிரஸ் டெம்பிளேட்டில் ஆரம்பித்தவர்கள், ஒரு இடம் உடைந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் திணறுவார்கள். கடைசிக்கு அதை வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: வாடிக்கையாளர் தாமே விலையை மாற்றிக்கொள்ள அது வசதி.

தமிழில் தளம் செய்வதற்கென்று சில உண்டு, இவற்றை ஆங்கிலப் பாடங்களில் பார்க்க முடியாது. நம் எழுத்துக்கு மேலே சுழியும் கீழே கொக்கியும் வரும், அதனால் வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். நான் எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்கு வைக்கிறேன். நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் பட்டனில் "முன்பதிவு செய்யுங்கள்" என்று போட்டால் சின்னப் போனில் இரண்டு வரியாகி வெளியே வழியும். பட்டனுக்கு அகலத்தைக் கட்டிப்போடாமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கு ஏற்ப விரிய விடுங்கள். தமிழ் எழுத்தைச் சாய்வாகப் போடாதீர்கள், பிரவுசர் தானாக வளைப்பது கண்ணுக்கு உறுத்தும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசம். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த நோட்டீஸை வாடிக்கையாளர் கொடுத்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பக்கத்தில் ஒட்டுங்கள்.

நிறத்தில் ஒரு அளவுகோல்: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். பனிமூட்டப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து போடுவது நம் ஊர்த் தளங்களில் எங்கும் இருக்கும் பிழை. டிசைனர் திரையில் அழகாகத்தான் இருக்கும், வெயிலில் நிற்பவர் போனில் ஒன்றும் தெரியாது.

8. முதல் தளம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது

இரண்டாம் வருடத்தில் ஒரு நிஜத் தளம் செய்துவிடுங்கள். கற்பனைக் கம்பெனிக்குச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அதனால் கற்றுக்கொள்ளவும் மாட்டீர்கள்.

என் முதல் தளம் குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டேவுக்கு. முகப்பில் தேயிலைத் தோட்டத்தின் பெரிய படம், அதன் மேலேயே போன் எண்ணையும் வழியையும் எழுதியிருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சாயங்காலம் விருந்தினர் குடும்பம் ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும்போது, பர்லியார் தாண்டிச் சிக்னல் குறைந்த இடத்தில் வழி பார்க்கத் தளத்தைத் திறந்திருக்கிறார்கள். ஏழு எம்.பி. படம், வரவே இல்லை. எண்ணும் படத்துக்குள்ளே இருந்ததால் கூப்பிடவும் முடியவில்லை. இருட்டில் ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஹோம்ஸ்டே அம்மா என்னைத் திட்டவில்லை. "பாவம், குழந்தை அழுதுட்டே வந்துச்சும்மா" என்றார்கள். அன்று இரவே உட்கார்ந்து மாற்றினேன்.

படத்தை வெப்பி (WebP) என்ற, அளவு குறைந்த பட வடிவில் 150 கே.பி.க்குள் கொண்டுவந்தேன். போன் எண்ணை எழுத்தாகவே, தொட்டால் அழைப்பு போகும்படி, பக்கத்தின் உச்சியில் வைத்தேன். வழியை மேப்பை மட்டும் நம்பாமல் நாலு வரியில் எழுதினேன்: எந்த வளைவில் திரும்ப வேண்டும், எந்தக் கோயில் அடையாளம் என்று. 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால், இப்போது செய்யும் ஒவ்வொரு ஹோம்ஸ்டே தளத்திலும் அதற்கான இணைப்பையும் முகப்பில் வைக்கிறேன்.

நீங்கள் செய்ததைக் குரோமில் உள்ள, தளத்தின் வேகத்தை அளக்கும் லைட்ஹவுஸ் சோதனையில் ஓட்டிப் பாருங்கள். அதோடு விடாமல், விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொண்டு சிக்னல் மோசமான இடத்துக்குப் போய்த் திறந்து பாருங்கள். நமக்கு அந்த இடம் தேட வேண்டியதில்லை.

பி.சி.ஏ. கடைசியில் ஒரு புராஜெக்ட் உண்டு. ரெடிமேடாக விற்பதை வாங்கிக் கொடுக்காமல், இப்படி ஒரு உள்ளூர்த் தேவையையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்புக்கும் ஆகும், வேலை கேட்கும்போது காட்டவும் ஆகும்.

9. வேலை கேட்கும்போது, வேலை ஒப்படைக்கும்போது

கிட்ஹப் பேஜஸில் இலவசமாக உங்களுக்கென ஒரு பக்கம் வையுங்கள். அதில் மூன்று தளங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன சிக்கல் இருந்தது, என்ன மாற்றினீர்கள் என்று ஐந்து வரி எழுதுங்கள். வயதைப் பற்றிக் கேட்டால் தயங்க வேண்டாம். பத்து வருடம் வாடிக்கையாளரோடு பேசிப் பழகிய உங்களுக்கு, ஹோட்டல்காரர் சொல்லாமல் விட்டது என்ன என்று தெரியும். அதை ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

கட்டணத்தை வாய்வார்த்தையில் பேசாதீர்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எப்போது எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி, பாதியை முன்பணமாக வாங்குங்கள். தெரிந்தவர் என்று முழுவதையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என விட்டால், சீசன் முடிந்ததும் அவர் கையிலும் பணம் இருக்காது.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, எப்போதும் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளத்தைச் செய்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் தன் கடைப் பெயரிலான முகவரியையே இழந்த பேக்கரிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். அதனால் இப்போது தளத்தை ஒப்படைக்கும் நாளில் பாஸ்வேர்டுகளையும், டொமைன் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலான கடைகளில் அது கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.